கடைசி முப்பது கஜம்

கெண்டியை அடுப்பில் வைத்துவிட்டுப் பின்கதவைத் திறக்கிறாள் எஃபி. காலில் வீட்டுச் செருப்பு. மேலே கணவர் டூகலின் பழைய பஸ் டிரைவர் கோட்டு. கையில் கோல்ஃப் ஆடும் எட்டாம் நம்பர் இரும்பு மட்டை. பன்னிரண்டு தப்படி தள்ளிப் புல்லில் ஒரு குளியல் துண்டு விரித்திருக்கிறது, நாலு மூலையிலும் கல். பந்தின் முதல் குதி அந்தத் துண்டில் விழ வேண்டும். கெண்டி சீட்டியடிப்பதற்குள் பதினொரு பந்து. சரியாக விழுந்தது ஒரு துள்ளு துள்ளி வேலியோரம் போய் நிற்கும். தப்பியது வேலிக்கு அடியில் புகுந்து என் ருபார்ப் பாத்திக்குள் வந்துவிடும்.

"நெட்டா, உன் செடிக்கு ஒண்ணும் ஆகலயே?" என்று வேலிக்கு மேலே தலையை நீட்டுவாள்.

"இலையில ஓட்டை விழுந்திருக்கு எஃபி."

"இலைய யாரு திங்கிறா? அது விஷம். தண்டு நல்லாத்தானே இருக்கு?"

பந்தை எடுத்துக் கொடுப்பேன். இருபத்திரண்டு வருஷமாக எடுத்துக் கொடுக்கிறேன்.

முழுப்பெயர் யூஃபீமியா கில்கிரிஸ்ட். அந்தப் பெயரால் அவளை அழைப்பது பாதிரியாரும் ஆஸ்பத்திரியும் மட்டும்தான். வயது எழுபத்தேழு. பிட்கார்வி துறைமுகத்து மீன் கொட்டகையில் முப்பத்தெட்டு வருஷம் நின்று மீன் அறுத்தவள். சதைக்குள் ஒளிந்திருக்கும் மயிரிழை முள்ளைக் கண்ணால் தேடமாட்டாள். பேச்சு ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்கும், விரல்நுனி மீனின் மேல் ஒரு தடவை ஓடும், முள் வெளியே வந்திருக்கும். அந்த விரல்களைத்தான் அவள் சாயங்காலங்களில் கோல்ஃப் மைதானத்துக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

எங்கள் ஊரில் கோல்ஃப் ஆடாதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ரொட்டிக்கடைக்காரர், கல்லறைக்குழி வெட்டுகிறவர், கணக்கு வாத்தியார், எல்லோர் வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் ஒரு மட்டைப் பை சாய்ந்திருக்கும். ரயில்பாதைக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மேட்டுப்புல் தரை. மழையும் காற்றும் எப்போதும் உண்டு. நான் அந்தக் கிளப்பின் சமையலறையில் சூப் வைக்கிறவள். மைதானத்தில் நடப்பதெல்லாம் என் ஜன்னல் வழியாகத்தான் எனக்குத் தெரியும். ஆடுகிறவர்களைவிட எனக்குக் கொஞ்சம் கூடவே தெரியும் என்றும் சொல்லலாம்.

எஃபியின் முதல் அடி நூற்றிருபது கஜம் போனால் அன்று காற்று அவளுக்கு உதவியிருக்கிறது என்று பொருள். அவளோடு ஆடுகிற தபால்காரர் இருநூற்றைம்பது அடிப்பார். அதைப் பற்றி அவளுக்குக் கவலை இருந்ததில்லை.

"நீ தூரமா போய்த் தேடு. நான் மெதுவா வரேன்" என்பாள். கொடி நட்டிருக்கும் குழியை நெருங்கினதும்தான் அவள் ஆட்டம் ஆரம்பிக்கும். கடைசி முப்பது கஜம். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டின புல்லை இங்கே கிரீன் என்பார்கள். அதன் விளிம்பில் வந்து நின்றுவிட்டாள் என்றால் எதிராளி கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். பந்தை வானத்துக்குத் தூக்கிப்போடுகிற அகலமுக மட்டை எதுவும் அவள் பையில் கிடையாது. "மேல போனா காத்து எடுத்துக்கும். தரையில ஓட விடு, தரை யாரையும் ஏமாத்தாது." எட்டாம் நம்பர் இரும்பால் ஒரு தட்டு. பந்து ஒரு குதி குதித்து, மேடு பள்ளமெல்லாம் தெரிந்தது போல வளைந்து வளைந்து ஓடிக் குழிப்பக்கம் போய் உட்காரும்.

சின்ன அடி அடிக்கும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் போட்டுவிடுவாள். கிட்டப்பார்வையும் தூரப்பார்வையும் ஒன்றாகச் செய்த கண்ணாடி அது. குனிந்தால் பந்து நீந்துகிறதாம். கண்ணாடி இல்லாமல் கொடி தெரியாது. அதனால் அடிக்கும் முன் கொடிவரை நடந்து போய்த் திரும்பி வருவாள். சரிவு எந்தப் பக்கம் என்று உள்ளங்காலுக்குத் தெரிந்துவிடும் என்பாள். பின்னால் வரும் கோஷ்டி கத்தும். "ஏன் கத்துறீங்க? உங்க பந்து இன்னும் கிடைக்கலயே!" என்று இவளும் கத்துவாள்.

டூகல் கோல்ஃபை வெறுக்கிறவர். முப்பத்தொரு வருஷம் கடற்கரைச் சாலையில் பஸ் ஓட்டியவர். மைதானத்தைக் கடக்கும்போது மட்டும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வாராம். கல்யாணத்தன்றே சொல்லிவிட்டார்: "உன் பந்தைப் பத்தி என்கிட்ட பேசாத, என் கியரைப் பத்தி உன்கிட்ட பேசமாட்டேன்." அந்த உடன்படிக்கை ஐம்பத்திரண்டு வருஷம் நிலைத்தது.

அதை முறித்தது இந்தப் பிப்ரவரி.

ரொட்டிக்கடை வரிசையில் நின்றிருந்தாள். வலது கையிலிருந்த பை நழுவிக் கீழே விழுந்தது. சிரித்துக்கொண்டே குனிந்து எடுத்தாள். மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை அவளால் சிரிக்க முடியவில்லை, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. வாய் சரியாயிற்று. கால் சரியாயிற்று. தோளும் முழங்கையும் திரும்ப வந்தன. வலது மணிக்கட்டுக்குக் கீழே மட்டும் ஏதோ திரும்பவில்லை. விரல்கள் மடங்குகின்றன, பிடிக்கின்றன, தூக்குகின்றன. தொட்டால்தான் எதுவும் தெரிவதில்லை.

"கையுறை போட்ட மாதிரி இருக்கு நெட்டா. அதுவும் என் கையுறை இல்ல. வேற யாரோடதோ."

கைப்பயிற்சி கொடுக்க வந்த பெண் நல்ல பெண். கலர் களிமண்ணைக் கொடுத்து உருட்டச் சொன்னாள், துணி மாட்டும் கிளிப்புகளை நூலில் வரிசையாகக் கவ்வவிடச் சொன்னாள். எஃபி எல்லாவற்றையும் செய்தாள். கடைசி நாளில் கேட்டாள்:

"கோல்ஃப் எப்ப ஆடலாம்?"

அந்தப் பெண் பையை மூடிக்கொண்டே சொன்னாள்: "நடக்கப் போகலாம் எஃபி. கொஞ்ச நாள் போனதும் பவுல்ஸ் ஆடிப் பாருங்களேன்? உங்க வயசுக்காரங்க நிறைய பேர் ஆடுறாங்க. குனிஞ்சு உருட்டி விட்டாப் போதும்."

"பாத்திருக்கேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வரிசையில நிப்பாங்க. யாரு கூப்பிடறதுக்குக் காத்து நிக்கிறாங்கன்னும் தெரியும்."

பவுல்ஸ் ஆடுகிற டூகலின் அண்ணன் அப்போது அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தார். ஈஸ்டர்வரை அந்த வீட்டுப்பக்கம் வரவில்லை.

ஏப்ரல் முதல் வாரத்தில் எட்டாம் நம்பர் இரும்பை மறுபடி வெளியே எடுத்தாள். நான் என் வீட்டுச் சமையலறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பந்து ஒரு முழம் போயிற்று. இரண்டாவது அசையவே இல்லை. மட்டை பந்தைத் தொடுவதற்கு முன்பே தரையில் சிக்கிக்கொண்டது. மூன்றாவது துண்டையும் வேலியையும் பார்க்காமல் நேராகப் பறந்து டூகலின் கொட்டகை ஜன்னலை உடைத்தது. கெண்டி சீட்டியடித்துக்கொண்டே இருந்தது, யாரும் அடுப்பை அணைக்கவில்லை.

அந்த வாரமே இன்னொன்றும் நடந்தது. டர்னிப் நறுக்கிக்கொண்டிருந்தாள். டூகல் உள்ளே வந்தவர் கத்தினார். பலகை முழுக்க ரத்தம். இடது கையில் கத்தி, வலது கை காயைப் பிடித்திருக்கிறது, ஆள்காட்டி விரலை எலும்புவரை அறுத்திருக்கிறாள், அவளுக்குத் தெரியவில்லை. முப்பத்தெட்டு வருஷம் கத்தி பிடித்தவள்.

நாலு தையலோடு மறுநாள் தோட்டத்துக்கு வந்தாள். நாலு பந்து அடித்தாள். நாலும் கெட்டது. மட்டையைத் தலைக்கு மேல் சுழற்றி எறிந்தாள். அது வேலியைத் தாண்டி என் பாத்திக்குள் வந்து குத்திக்கொண்டு நின்றது. ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடினேன். அழுதுகொண்டிருந்தாள். எஃபி அழுது நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

"விட்டுடேன் எஃபி. எத்தனை வருஷம் ஆடிட்ட. போதாதா?" என்றேன். ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னேன்.

என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "உனக்குச் சூப் வைக்கிறது போதும்னு எப்ப தோணுதோ அன்னிக்கு வந்து என்கிட்ட இதைச் சொல்லு" என்றாள். கையை ஊன்றி எழுந்து, பின்பக்கமெல்லாம் சேறாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வேலிக்கு மேலே தலை.

"என் இரும்பு உன் பாத்தியில நிக்குது."

"நீதானே தூக்கி எறிஞ்ச?"

"எறிஞ்சேன். உனக்குக் குடுத்துட்டேன்னு சொல்லலயே. எடு."

அதற்கப்புறம் நடந்ததுதான் விசித்திரம். வலது கை இனிமேல் வழிகாட்டாது என்று ஒப்புக்கொண்டாள். அதை மட்டும்தான் ஒப்புக்கொண்டாள். பிடியை மாற்றினாள். எல்லோருக்கும் கீழே இருக்கும் வலது கையை மேலே ஏற்றி, இடது கையைக் கீழே இறக்கினாள். மணிக்கட்டைப் பூட்டிவிட்டுத் தோளிலிருந்து மட்டும் ஆட்டினாள், கடிகார ஊசல் மாதிரி. பார்க்க நன்றாயில்லை. துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்தவள் போலிருந்தது. அடித்தாள். எப்படி அடித்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. விரல் சொல்ல வேண்டியதை யார் சொல்வது?

டூகல்தான் சொன்னார். உடைந்த ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி பதித்துக்கொண்டிருந்தார், முதுகு இவள் பக்கம். இவள் ஒரு பந்தைத் தட்டினாள்.

"அது மோசம்" என்றார் திரும்பாமலே.

"உனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. சத்தம் மோசமா இருந்துச்சு."

இன்னொன்று தட்டினாள்.

"அதுவும்."

ஏழாவதோ எட்டாவதோ பந்துக்கு, "இது பரவால்ல" என்றார். அது துண்டின் நடுவில் விழுந்திருந்தது.

பஸ் கியர் மாறும்போது பல்சக்கரம் கடிக்கிறதா கவ்வுகிறதா என்று முப்பத்தொரு வருஷம் கேட்டுப் பழகின காது. மறுநாளிலிருந்து தோட்டத்தில் ஒரு நாற்காலி போட்டு, துண்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, செய்தித்தாளை விரித்து உட்கார்ந்துவிட்டார். பந்தை அவர் பார்க்கவே இல்லை. பார்த்தால் உடன்படிக்கை முறிந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. "மோசம். மோசம். நல்லது. மோசம்." ஏப்ரல் போயிற்று, மே போயிற்று. எஃபியின் காது ஒன்றும் இளங்காது இல்லை, கேட்கும் கருவி வைத்திருக்கிறாள். அதன் சத்தத்தைக் கடைசிவரை ஏற்றிவைத்துக்கொண்டு கேட்டாள். ஜூன் மாதத்தில் ஒரு நாள் டூகல் வாய் திறப்பதற்குள் அவளே "நல்லது" என்றாள். நல்லதுதான்.

"ஹாடாக் மீனுக்குத் தோல் உரிக்கிறப்ப வருமே, அந்தச் சத்தம்" என்று எனக்கு விளக்கினாள். "கிழியக் கூடாது. இழுக்கவும் கூடாது. சர்ர்ருன்னு ஒரே சத்தம்."

ஆகஸ்டில் அவள் மறுபடி மைதானத்தில் இருந்தாள். முதல் அடி இப்போது தொண்ணூறு கஜம். துடைப்பப் பிடியைப் பார்த்துத் தபால்காரர் வாய்விட்டுச் சிரித்தார். நாலாவது குழிக்குப் பிறகு சிரிப்பு நின்றது. உள்ளே வந்து என்னிடம் சூப் கேட்கும்போது, "அந்தப் பொம்பளைக்கு எந்தக் கை விளங்கலன்னு சொன்னாங்க?" என்று கேட்டார்.

செப்டம்பரில் எங்களுக்கும் இன்வர்டோரி ஊர்க்காரர்களுக்கும் வருஷாந்திரப் போட்டி. இரண்டு இரண்டு பேராக ஜோடி சேர்ந்து, ஜோடிக்கு ஒரே பந்தை மாறி மாறி அடிக்கும் ஆட்டம். பரிசு, மூழ்கிப்போன ஏதோ கப்பலின் வெண்கல மணி. ஜெயித்த ஊரில் தொங்கும். நாலு வருஷமாக இன்வர்டோரியில் தொங்குகிறது. எஃபி அந்தப் போட்டியில் இருபத்தாறு வருஷமாக ஆடுகிறவள்.

எங்கள் கேப்டன் ஈவன் ஸ்ட்ராக்கன் மாட்டு வைத்தியன். நாற்பத்தாறு வயது. பசுவுக்குள் கைவிட்டுக் கன்றை இழுக்கிற தோள். பந்து அவனிடம் அடிவாங்கினால் கடல்வரை போகும். நல்ல பிள்ளை. கெட்ட செய்தி சொல்வதற்கு முன் சாப்பிட எதையாவது வாங்கிக் கொடுக்கிறவன். அன்று பருப்பு சூப் இரண்டு கிண்ணம் வாங்கி, ஒன்றை எஃபி முன்னால் வைத்தான்.

"எஃபி, இந்த வருஷம் நீங்க கொஞ்சம் ஓய்வா இருந்தா என்னன்னு கமிட்டியில…"

"ஓய்வா?" கரண்டியைக் கீழே வைத்தாள். "சர்ச்சுக்குப் பின்னால நெறைய பேரு ஓய்வாத்தான் படுத்திருக்காங்க ஈவன். எனக்கு அங்க இடம் போட்டாச்சா?"

"அப்படி இல்ல எஃபி. கை முன்ன மாதிரி இல்லன்னு…"

"யாரு சொன்னா? கை வந்து உன்கிட்ட சொல்லுச்சா?"

பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஈவன் காதுவரை சிவந்துபோனான்.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம். ஊரே பாத்துக்கிட்டு இருக்கும். ஒரு பந்து தப்பாப் போனா உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும்?"

"எனக்குக் கஷ்டமா இருந்தா நான் படறேன். நீ எதுக்கு எனக்காகப் படற? சூப்பைக் குடிச்சிட்டு வெளிய வா. ஆளுக்குப் பத்துப் பந்து. கொடிக்கம்பைப் பிடுங்கிக் குழியில இருந்து நீட்டிப் படுக்க வை. அந்தக் கம்பு நீளத்துக்குள்ள யாரு அதிகம் நிறுத்தறான்னு பாப்போம். நீ ஜெயிச்சா நானே பேரை அடிச்சிடறேன். நான் ஜெயிச்சா ஆடுவேன். அதுவும் உன்கூட ஜோடியா."

"என்கூடயா?"

"நீ தூரம் அடிக்கிறவன். கிட்ட வந்ததும் ஊத்திக்கிறவன். உனக்கு நான் வேணும்."

யாரோ மேஜையைத் தட்டினார்கள். ஈவனுக்கு வேறு வழி இருக்கவில்லை.

கிளப் வாசலில் பயிற்சிக்கென்று ஒரு சின்ன கிரீன் உண்டு. கடற்காற்று சட்டையைப் பிய்த்தது. பாதி ஊர் சூப் கிண்ணத்தோடு வெளியே வந்து நின்றது. நானும் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தேன். உயரப் புல்லிலிருந்து ஈவன் அகலமுக மட்டையால் பந்தைத் தூக்கினான். அழகாகத்தான் எழும்பிற்று. மேலே போனதும் காற்று எடுத்துக்கொண்டது. பத்தில் நாலு.

எஃபி கண்ணாடியைக் கழற்றினாள். காதுக் கருவியைத் திருகினாள். குழிவரை நடந்து போய்த் திரும்பி வந்தாள். துடைப்பப் பிடி. முதல் பந்து கம்பைத் தாண்டிப் போயிற்று. இரண்டாவது பாதி வழியில் நின்றது. யாரோ "ஐயோ" என்றார்கள், பாவம் என்கிற தொனியில். எஃபி நிமிர்ந்து அந்தத் திசையைப் பார்த்தாள். "ஐயோங்கிறவங்க உள்ள போய்ச் சூப் குடிங்க." யாரும் போகவில்லை. அடுத்த எட்டில் ஆறு கம்பின் நீளத்துக்குள் போய் உட்கார்ந்தன. கடைசிப் பந்து குழிக்குள்ளேயே விழுந்தது, எட்டிப் பார்க்கக்கூட மாட்டேன் என்றாள்.

ஈவன் உள்ளே போய்ப் பட்டியலில் அவள் பெயரைத் தன் பெயருக்குப் பக்கத்தில் எழுதினான். மனுஷன்தான் அவன்.

போட்டியன்று மழை விட்டுவிட்டுப் பெய்தது. டூகல் வரவில்லை. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். கடைசி ஜோடியாக ஈவனும் எஃபியும். எதிரில் இன்வர்டோரி கேப்டன் ஹியூ மெல்ட்ரமும் அவர் மருமகனும். மற்ற ஜோடிகள் எல்லாம் முடித்து வந்தபோது ஊருக்கு ஊர் சமன். கடைசி ஜோடியும் பதினேழு குழிக்குச் சமன். பதினெட்டாவது குழி கிளப் ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிறது. அதனால் அன்று நடந்ததை நான் அடுப்படியிலிருந்தே பார்த்தேன்.

எஃபி தொண்ணூறு கஜம் அடித்தாள். ஈவன் அடுத்ததை ஓங்கி அறைந்தான். பந்து இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய், மைதானத்தின் எல்லையாக நீளும் கல்சுவரின் அடியில் அடைக்கலம் புகுந்தது. சுவரிலிருந்து ஒரு சாண். கொடி இன்னும் பதினைந்து தப்படி தள்ளி. எதிராளிகள் தங்கள் குழியை ஐந்தாவது அடியில் முடித்துவிட்டார்கள். எங்களுக்கு நாலில் முடிந்தால் மணி எங்களுக்கு. ஐந்தானால் சமன், சமனானால் மணி இருந்த இடத்திலேயே இருக்கும்.

எஃபி பந்தைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். வழக்கம்போல் நிற்க வேண்டும் என்றால் சுவருக்குள் நிற்க வேண்டும். இரண்டு கையாலும் முடியாது. கொடிக்கு முதுகைக் காட்டி நின்று, வலப்பக்கத்தில் கிடக்கும் பந்தை ஒரே கையால் பின்னோக்கித் தட்டலாம். அந்த ஒரு கை வலது கையாகத்தான் இருந்தாக வேண்டும்.

ஈவன் ஓடிவந்தான். "எஃபி, சும்மா வெளிய தள்ளி விட்டுடுங்க. சமன் போதும். யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

"அதுதான் எனக்குப் பயம்" என்றாளாம். அவனே பிறகு சொன்னான்.

கண்ணாடி பைக்குள் போயிற்று. இடது கையால் வலது கையின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து மட்டைப்பிடியைச் சுற்றி மடக்கி வைத்தாள், ஜாடிக்கு மூடி போடுவது மாதிரி. தோளுக்கு மேல் திரும்பி ஒரு தடவை கொடிப்பக்கம் பார்த்தாள். கண்ணாடி இல்லாமல் என்ன தெரிந்திருக்கும்? மட்டை முன்னால் போயிற்று, பின்னால் வந்தது. பந்து சுவரோரமாகவே கிளம்பி, மேட்டில் ஏறி, கிரீனின் விளிம்பில் சற்றுத் தயங்கி, பிறகு சரிவில் இறங்கிக் கொடியை நோக்கி நடந்தது. ஓடவில்லை, நடந்தது. குழிக்கு மூன்றடி தள்ளி நின்றது.

ஜன்னலில் இருந்தவர்கள் கத்திய கத்தலில் என் கையிலிருந்த அகப்பை தரையில் விழுந்தது.

இனி ஈவன் தட்ட வேண்டும். மூன்றடி. அவன் தினமும் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற தூரம். குனிந்தான். நிமிர்ந்தான். மறுபடி குனிந்தான். கன்றுகளை இழுத்துப்போடுகிற அந்தக் கைகளைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு தட்டினான். பந்து குழியின் உதட்டைச் சுற்றி வந்து வெளியிலேயே நின்றுகொண்டது. மிச்சமிருந்த ஐந்தாவது தட்டை எதிராளிகள் விட்டுக்கொடுத்தார்கள்.

சமன். மணி இன்வர்டோரிக்கே.

ஈவன் அங்கேயே சிலைபோல் நின்றான். மெல்ட்ரம் வந்து கைகுலுக்கியதுகூட அவனுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. எஃபி சுவரோரத்திலிருந்து நடந்து வந்து, அவன் கையிலிருந்த மட்டையை வாங்கித் தன் பையில் செருகினாள்.

"எஃபி, நான்… மன்னிச்சிடுங்க."

"மூணடி விட்டது யாரு?" என்றாள். "நான். ஓரடிக்குள்ள வச்சிருந்தா உனக்கு வேலையே இல்ல. வா, மழை வருது."

மாலை ஐந்து மணிக்கு விருந்து. மாவுக்குள் ஆட்டுக்கறி வைத்துச் சுட்ட பை, உருளைக்கிழங்கு, டர்னிப் மசியல். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு நானும் சுவரோரம் நின்றேன். மெல்ட்ரம் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். நல்ல மனிதர், நல்லபடியாகத்தான் பேசினார்.

"மணி எங்ககிட்ட இருக்கலாம். ஆனா இன்னிக்கு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கப்போறது ஒரே ஒரு அடிதான். எழுபத்தேழு வயசு. உடம்புக்கு அவ்வளவு முடியாமப் போயும், அந்தக் கையோட, இந்த வயசுல, மூணடிக்குக் கொண்டு வந்தாங்கன்னா அது…"

கோப்பையை இன்னும் உயரத் தூக்கினார். எல்லோரும் எழுந்தார்கள். கைதட்டல் கூரையைத் தூக்கியது. சில பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எஃபியை நோக்கித் திரும்பியவர்கள் திரும்பிய இடத்திலேயே நின்றார்கள். அவள் நாற்காலி காலி. தட்டில் சாப்பாடு பாதி தின்றபடி இருந்தது.

"வெளிய பாருங்க" என்றான் ஈவன்.

ஜன்னலுக்கு ஓடினோம். மழை விட்டு, மேற்கே மேகத்துக்கு அடியில் வெளிச்சம் கிழிந்திருந்தது. கல்சுவரின் அடியில், கொடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எஃபி நின்றிருந்தாள். வலது கையில் மட்டும் மட்டை. கிரீனில் ஏற்கெனவே ஆறேழு பந்துகள் சிதறிக் கிடந்தன. சில மூன்றடியில், சில இரண்டடியில். எதுவும் குழிக்குள் இல்லை. இன்னொன்றை உதறிப்போட்டாள். தட்டினாள். போதவில்லை என்று தலையை ஆட்டினாள். இன்னொன்று.

எங்களில் சிலர் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். தோளுக்கு மேல் தலையைத் திருப்பி, கொடிக்கு நேர்பின்னால் ஜன்னல் வெளிச்சத்தை முழுக்க மறைத்து அப்பியிருந்த எங்கள் முகங்களைப் பார்த்தாள். சும்மாயிருந்த இடது கையைத் தூக்கி, புறங்கையால் இரண்டு தடவை விசிறினாள்: தள்ளுங்க, தள்ளுங்க, குறியை மறைக்கறீங்க.

மெல்ட்ரம் முதலில் விலகினார். நாங்கள் ஆளுக்கொரு பக்கமாக ஒதுங்கினோம். அவள் பந்தின் மேல் குனிந்தாள்.